ஒரே நாளில் ரைன் கோட்டைகள்: பைக்கில் எந்த வழி, எந்தெந்தக் கோட்டை?

மைன்கரை:

வணக்கம். நாங்கள் இருப்பது பிராங்க்ஃபுர்ட்டில். மே மாதம் மழை இல்லாத ஒரு சனிக்கிழமையாகப் பார்த்து, நானும் மனைவியும் பைக்கில் ரைன் பள்ளத்தாக்குக் கோட்டைகளுக்குப் போக நினைக்கிறோம். காலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட வேண்டும். வண்டி 500 சிசி, இரண்டு பேருக்கும் வசதியானதுதான்.

வரைபடத்தை விரித்தால் திரும்பிய பக்கமெல்லாம் கோட்டை. ரைன்ஷ்டைன், ரைஹன்ஷ்டைன், ஸோனெக், ஷ்டாலெக், ஆற்றுக்கு நடுவில் இருக்கும் ஃபால்ட்ஸ், ரைன்ஃபெல்ஸ், மார்க்ஸ்புர்க், ஷ்டோல்ட்சன்ஃபெல்ஸ் என்று எட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். எட்டையும் ஒரே நாளில் முடிக்க முடியுமா? முடியாது என்றால் எவற்றை விடுவது? வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு வருவதில் எங்களுக்கு ஆர்வம் இல்லை. உள்ளே போய்ப் பார்க்க வேண்டும், அதன் கதை தெரிய வேண்டும்.

இருநதி:

எட்டு முடியாது நண்பரே. மூன்று முடியும், அதுவும் அவசரமில்லாமல். கோப்லென்ஸில் குடியிருப்பதால் இந்தப் பாதை எனக்கு நல்ல பழக்கம். ஊரிலிருந்து யார் வந்தாலும் இதே வழியில்தான் அழைத்துப் போவேன்.

பிங்கன், ரூடெஸ்ஹைமிலிருந்து கோப்லென்ஸ் வரை சுமார் 65 கிலோமீட்டர் நீளமுள்ள பள்ளத்தாக்கு இது. 2002-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இடது கரையில் பி 9 சாலை, வலது கரையில் பி 42. இரண்டுமே ஆற்றை ஒட்டிப் போகும். நடுவில் பாலமே கிடையாது. மைன்ட்ஸ், வீஸ்பாடன் பக்கத்தை விட்டால் அடுத்த பாலம் கோப்லென்ஸில்தான். கரை மாற வேண்டுமென்றால் ஃபெரிதான் வழி. பிங்கன், நீடர்ஹைம்பாஹ், கௌப், சாங்க்ட் கோவார், பொப்பார்ட் ஆகிய இடங்களில் வண்டிகளை ஏற்றும் ஃபெரி ஓடுகிறது. உங்கள் நாளை எப்படிப் பிரிப்பது என்பதை இந்த ஃபெரிகளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனி எந்த மூன்று என்று பார்ப்போம். பெயர் பெற்ற மூன்று, அழகான மூன்று என்று தேர்ந்தெடுக்காதீர்கள். இங்கிருக்கும் கோட்டைகளுக்கு நேர்ந்தது பெரும்பாலும் மூன்று கதிகளில் ஒன்று: இடிபடாமல் தப்பியது, இடிந்தபடியே நிற்பது, இடிந்து 19-ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டப்பட்டது. ஒவ்வொன்றிலும் ஒன்றைப் பார்த்துவிட்டால் மற்றக் கோட்டைகளைச் சாலையிலிருந்து பார்க்கும்போதே அவற்றுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

திரும்பக் கட்டியதற்கு ரைன்ஷ்டைன். பிங்கனைத் தாண்டிய சில கிலோமீட்டரில் பி 9-ஐ ஒட்டியே பாறை மேல் நிற்கிறது. சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் ஏறினால் போதும். இடிந்து கிடந்த இதை 1823-ல், பெர்லினைத் தலைநகராகக் கொண்ட பிரஷ்ய அரசின் இளவரசர் ஃபிரீட்ரிஹ் வாங்கி, 1825 முதல் 1829 வரை கோடை மாளிகையாகக் கட்டினார். ரைன் கரையில் இப்படித் திரும்பக் கட்டிய முதல் கோட்டை இதுதான். இதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கும் அந்த ஆசை வந்தது.

இடிந்ததற்கு ரைன்ஃபெல்ஸ், சாங்க்ட் கோவார் ஊருக்கு மேலே. 1245-ல் காட்சன்எல்ன்போகன் பிரபு ஐந்தாம் டீட்டர் கட்டியது. கட்டிய நோக்கம் சுங்கம். கீழே போகும் ஒவ்வொரு படகும் காசு கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அவர் சுங்கத்தை ஏற்றியதும் ரைன் நகரங்கள் ஒன்றுசேர்ந்து 1255-ல் கோட்டையை முற்றுகையிட்டன. ஓராண்டுக்கு மேல் சுற்றி நின்றும் பிடிக்க முடியவில்லை. 1692-ல் பதினான்காம் லூயியின் படை வந்து மோதியபோதும் விழவில்லை. அப்படிப்பட்ட கோட்டை 1794-ல் பிரெஞ்சுப் புரட்சிப் படையிடம் ஒரு குண்டுகூடச் சுடாமல் சரணடைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பிரெஞ்சுக்காரர்கள் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய கல்லில் ஒரு பகுதி, கோப்லென்ஸில் எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிகிற ஏரன்பிரைட்ஷ்டைன் கோட்டையைக் கட்டப் போயிற்று. 1843-ல் பிரஷ்ய இளவரசர் வில்ஹெல்ம் இடிபாட்டை வாங்கியதால்தான் மீதியாவது நிலைத்தது. சுவர்களின் பருமனையும் முற்றத்தின் விரிவையும் பார்த்தால், முழுதாக நின்ற காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று மனம் தானாகக் கணக்குப் போடத் தொடங்கும். இதற்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

தப்பியதற்கு மார்க்ஸ்புர்க். பிரௌபாஹ் ஊருக்கு மேலே, வலது கரையில் இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கின் குன்றுக் கோட்டைகளில் ஒருமுறைகூட அழிக்கப்படாதது இது ஒன்றுதான். நாள் முழுக்கப் பார்த்ததற்கு விளக்கம் இங்கே கிடைக்கும் என்பதால் இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வழி இப்படி: பிராங்க்ஃபுர்ட், ஏ 66 அதிவேகச் சாலை (ஆட்டோபான்), ரூடெஸ்ஹைம், ஃபெரியில் பிங்கன், பி 9-இல் சாங்க்ட் கோவார் வரை, ஃபெரியில் சாங்க்ட் கோவார்ஸ்ஹவுசன், பி 42-இல் பிரௌபாஹ். திரும்புவதற்கு லான்ஷ்டைனிலிருந்து பி 260. மொத்தம் இருநூறு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும்.

ரூர் பனை:

இருநதி அண்ணை சொன்னது நல்ல வழிதான். ஆனால் இடிபடாத கோட்டை என்றால் என்னுடைய வாக்கு எல்ட்ஸுக்குத்தான். நான் டோர்ட்முண்டில் வளர்ந்தனான். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிக்கொண்டு போன நாளிலிருந்து எனக்கு அந்தக் கோட்டையில் ஒரு பிடிப்பு. மோசல் ஆற்றின் பக்கம், காட்டுக்குள்ளே, மூன்று பக்கமும் எல்ட்ஸ்பாஹ் ஓடை சுற்றிப் போகிற பாறையின் மேலே நிற்கிறது. தூரத்திலிருந்து தெரியவே தெரியாது. மரங்களுக்குள்ளே நடந்து போய் ஒரு திருப்பம் திரும்பினால் சட்டென்று முழுக் கோட்டையும் கண்ணுக்கு முன்னால் வரும். அவ்வளவு வடிவு.

எல்ட்ஸ் குடும்பத்தின் கையில் 850 வருடங்களுக்கு மேலாக இருக்கிறது. ஒரே கோட்டைக்குள்ளே அந்தக் குடும்பத்தின் மூன்று கிளைகள் தனித்தனி வீடு கட்டிக்கொண்டு இருந்தார்கள். அதனால்தான் ஒவ்வொரு கோபுரமும் ஒவ்வொரு உயரத்தில், ஒவ்வொரு காலத்துப் பாணியில் இருக்கிறது. பழைய 500 மார்க் நோட்டில் இருந்ததும் இந்தக் கோட்டைதான்.

1689-ல் பிரெஞ்சுப் படை இந்தப் பகுதிக் கோட்டைகளை ஒவ்வொன்றாய்க் கொளுத்திக்கொண்டு வந்தபோது எல்ட்ஸ் எப்படித் தப்பியது தெரியுமோ? அந்தக் குடும்பத்து ஹான்ஸ் அன்டோன் என்பவர் பிரெஞ்சுப் படையிலேயே உயர் அதிகாரியாக இருந்தார். அழிக்க வேண்டிய கோட்டைகளின் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட அவரால் முடிந்தது. பக்கத்தில் இருக்கிற கோஹம் கோட்டைக்கு அப்படி ஒருவர் இல்லை. அதே வருடம் எரிந்தது. இப்போது அங்கே நிற்பது 1868-ல் ஒரு பெர்லின் வணிகர் வாங்கி, பிறகு திரும்பக் கட்டியது.

மோட்டார் சைக்கிளுக்கு என்றால் மோசல் பக்கத்து வளைவுகளுக்கு முன்னால் ரைன் சாலை ஒன்றுமேயில்லை.

இருநதி:

வளைவுகளைப் பற்றி நீங்கள் சொன்னது முழு உண்மை தம்பி. மோசலிலிருந்து ஹுன்ஸ்ரூக் மேட்டுக்கு ஏறும் சாலைகளுக்கு ஈடு இல்லை. எல்ட்ஸும் அற்புதமான கோட்டை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பிராங்க்ஃபுர்ட்டிலிருந்து வருகிறவருக்கு ரைனையும் எல்ட்ஸையும் ஒரே நாளில் சேர்த்தால் இரண்டுமே கெட்டுவிடும். எல்ட்ஸில் வண்டியை அன்டோனியஸ் கோயில் பக்கத்து நிறுத்தத்தில் விட்டுவிட்டுக் காட்டுப் பாதையில் நடக்க வேண்டும், அல்லது சிற்றுந்தில் போக வேண்டும். உள்ளே வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும். போய் வர அரை நாள் ஓடிவிடும். குளிர்காலத்தில் கோட்டை மூடியிருக்கும். எல்ட்ஸுக்கும் கோஹமுக்கும் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

மைன்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. மூன்று கதி என்று பிரித்துச் சொன்னது மனைவிக்கு மிகவும் பிடித்துவிட்டது. அவர் கேட்கச் சொன்ன கேள்வி: மார்க்ஸ்புர்க் எப்படித் தப்பியது? அங்கேயும் யாராவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தார்களா? இன்னொன்று, பைக் பூட்ஸோடும் கனமான ஜாக்கெட்டோடும் இந்தப் படிகளையெல்லாம் ஏற முடியுமா?

இருநதி:

அக்காவிடம் சொல்லுங்கள், நல்ல கேள்வி. மார்க்ஸ்புர்க்கின் கதை வேறு. அது காட்சன்எல்ன்போகன் பிரபுக்களிடம் இருந்தது. 1479-ல் அந்த வம்சம் முடிந்ததும் ஹெஸ்ஸன் அரசர்களின் கைக்குப் போனது. அவர்கள் பீரங்கிக் காலத்துக்கு ஏற்றபடி பலப்படுத்தினார்கள். பின்னால் அது சிறைச்சாலையாகவும், போரில் உடல் ஊனமுற்ற படைவீரர்களின் இருப்பிடமாகவும் இருந்தது. எப்போதும் யாராவது ஒருவருக்குப் பயன்பட்டுக்கொண்டே இருந்ததால் கைவிடப்படவில்லை, கல் பெயர்த்து எடுக்கப்படவும் இல்லை. கோட்டையைக் காப்பாற்றுவது மதிலைவிட அன்றாடப் புழக்கம்தான் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். 1900-ல் ஜெர்மன் கோட்டைகள் சங்கம் இதை வாங்கியது. இன்றும் அதன் தலைமையகம் இங்கேதான். 1945 மார்ச்சில் எதிர்க்கரையிலிருந்து அமெரிக்கப் பீரங்கிகள் சுட்டதில் பலத்த சேதம் ஏற்பட்டது, பிறகு சரிசெய்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் பாறையிலேயே வெட்டிய படிவழி வரும். குதிரைவீரர்கள் ஏறிய வழி. கரடுமுரடாக இருக்கும், மழை பெய்திருந்தால் வழுக்கும். இங்கே பைக் பூட்ஸ் உண்மையில் உதவும், கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும். அடிப்பாகம் கெட்டியான பந்தய பூட்ஸ் மட்டும் வேண்டாம். பிறகு ஆற்றைப் பார்த்தபடி வரிசையாகப் பீரங்கிகள், மூலிகைத் தோட்டம், பெரிய அடுப்போடு சமையலறை, சிறிய வழிபாட்டறை, கவசங்கள் என்று வரும். என்னை அதிகம் நிறுத்துவது சமையலறைதான். போருக்காகக் கட்டிய இடத்தில் தினமும் எத்தனை பேருக்குச் சோறாக்க வேண்டியிருந்தது என்பது அந்த அடுப்பின் அளவைப் பார்த்தால்தான் விளங்கும்.

வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் சொல்வார்கள். ஆங்கிலத்தில் நாளுக்கு ஒன்றிரண்டு முறைதான், நேரத்தை முன்கூட்டியே அவர்கள் வலைத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தை வைத்தே மற்ற இரண்டு கோட்டைகளையும் அதற்கு முன்னால் முடிக்கும்படி திட்டமிடுங்கள்.

ஜாக்கெட், ஹெல்மெட் விஷயத்துக்கு வளைவுநேசன் வந்து பதில் சொல்வார்.

வளைவுநேசன்:

வந்துவிட்டேன். ஹெல்மெட்டைப் பைக்கோடு பூட்ட ஒரு கம்பிப் பூட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதே கம்பியை ஜாக்கெட் கைக்குள் விட்டு இரண்டையும் சேர்த்துப் பூட்டலாம். பக்கப் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. மே மாதத்தில் காலை ஏழு மணிக்குப் பத்து டிகிரிகூட இருக்காது, மதியம் இருபதைத் தாண்டும். உள்ளே ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, கோட்டை ஏறும்போது கழற்றிவிடுங்கள்.

சாலையைப் பற்றி. பி 9, பி 42 இரண்டும் அகலமானவை, வளைவுகள் நீண்டு மென்மையாக வரும். ஓட்டுவதில் கஷ்டம் எதுவும் இல்லை, வேடிக்கை பார்ப்பதில்தான் ஆபத்து. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கோட்டை எழுந்து வரும். முன்னால் போகிற கார்க்காரரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், திடீரென்று பிரேக் போடுவார், சமிக்ஞை கொடுக்காமல் ஓரங்கட்டுவார். அதனால் இடைவெளியைத் தாராளமாக விட்டு ஓட்டுங்கள். பார்க்க வேண்டுமென்றால் வண்டியை நிறுத்திவிட்டுப் பாருங்கள், ஒதுங்கி நிற்க இடம் நிறையவே இருக்கிறது. பின்னால் இருப்பவருக்குத்தான் யோகம், முழுக் காட்சியும் அவருக்கே.

ஊருக்குள் நுழைந்தால் மஞ்சள் பலகையிலிருந்து 50. பல இடங்களில் 30. சின்னத் தெருக்களில் பலகை எதுவும் இல்லையென்றால் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கே முதல் உரிமை. நம் ஊரில் ஓட்டிப் பழகியவர்களுக்கு மனதில் பதிய நாளாகும் விதி இது, பாஹராஹ் மாதிரி ஊர்களில் கட்டாயம் நினைவில் இருக்க வேண்டும். அங்கே தெருவெல்லாம் கல் பாவியது. ஈரமாக இருந்தால் முன்பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள்.

சனிக்கிழமை மாலை ஏ 66-இல் நெரிசல் இருந்தால் கார்களுக்கு இடையில் புகுந்து முன்னேறாதீர்கள். இங்கே அது சட்டப்படி தவறு. நடுவில் விடும் இடைவெளி ஆம்புலன்சுக்கும் போலீசுக்கும் மட்டும்.

ஃபெரியில் ஏறும்போது இரும்புத் தளம் வழுக்கும், முதல் கியரில் மெதுவாக நேராக ஏறுங்கள். கியரிலேயே வண்டியை அணைத்து, பக்கத் தாங்கியில் நிறுத்தி, பக்கத்திலேயே நில்லுங்கள். காசு வாங்குகிறவர் உங்களிடமே வருவார். சில்லறை கையில் இருக்கட்டும்.

கல்தச்சன்:

நான் கட்டடக் கலை படிக்கிறவன், ஒரு மாற்றுக் கருத்து சொல்ல வேண்டும். ரைன்ஷ்டைனை ஏன் அந்த மூன்றில் சேர்க்கிறீர்கள்? அது இடைக்காலக் கோட்டையே இல்லை. 1820-களில் ஒரு இளவரசர் தன் கற்பனைக்கு ஏற்றபடி கட்டிய மாளிகை. கூர்நுனி ஜன்னலும் வண்ணக் கண்ணாடியும் தொங்குபாலமும் அந்தக் காலத்து ஆசைகள். ஷ்டோல்ட்சன்ஃபெல்ஸும் அப்படித்தான். 1689-ல் எரிந்த இடிபாட்டை 1823-ல் கோப்லென்ஸ் நகரம் பட்டத்து இளவரசருக்குப் பரிசாகக் கொடுத்தது. கட்டடக் கலைஞர் ஷிங்கல் வரைந்த திட்டத்தில் 1842-ல் கட்டி முடித்தார்கள். திறப்பு விழாவுக்கு எல்லோரும் பழங்கால உடை அணிந்து தீப்பந்தத்தோடு ஊர்வலமாக ஏறினார்கள். நாடக மேடை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் அந்த நேரத்தை உண்மையான பழைய கட்டடத்துக்குக் கொடுங்கள். ஃபால்ட்ஸ்கிராஃபன்ஷ்டைனுக்குப் போங்கள். கௌப் ஊருக்கு எதிரே ஆற்றுக்கு நடுவில் சின்னத் தீவில் நிற்கிறது. 1327 அளவில் பவேரிய லூட்விஹ் சுங்கத்துக்காகக் கட்டியது. குன்று மேல் இல்லாததால் மார்க்ஸ்புர்க்கோடு ஒப்பிட்டு யாரும் சொல்வதில்லை, ஆனால் இதுவும் அழிக்கப்படாத கோட்டைதான். 1813 டிசம்பர் 31 இரவு, நெப்போலியனைத் துரத்திக்கொண்டு வந்த பிரஷ்யத் தளபதி புளூஹர் இந்த இடத்தில்தான் மிதவைப் பாலம் போட்டுத் தன் படையை ரைனைக் கடக்கவைத்தார்.

இருநதி:

கல்தச்சன், ஃபால்ட்ஸ் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தைகூட மறுக்க மாட்டேன். பி 9-இல் பாஹராஹ் தாண்டியதும் கட்டாயம் நிறுத்தி அதைப் பார்க்க வேண்டும். படகு பிடித்துப் போய் வர நேரம் ஆகும், திங்கட்கிழமை மூடியிருக்கும், வெள்ளம் வந்தால் படகு ஓடாது. நேரம் இருந்தால் தாராளமாகப் போகட்டும்.

ஆனால் ரைன்ஷ்டைனை நீங்கள் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. அது கட்டி இப்போது இருநூறு ஆண்டு ஆகப்போகிறது. அதுவும் வரலாறுதான். இன்னும் சொன்னால், நாம் இன்று ரைன் கரைக்கு ஏன் போகிறோம் என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. 1794 முதல் 1814 வரை இடது கரை முழுவதும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. நெப்போலியன் வீழ்ந்ததும் 1815-ல் இந்தப் பகுதி பிரஷ்யாவுக்குப் போயிற்று. பெர்லினிலிருந்து வந்த புதிய ஆட்சியாளர்களுக்கு இந்த மண்ணில் வேர் கிடையாது. இங்கே கத்தோலிக்கர்கள் அதிகம், அவர்களோ புராட்டஸ்டன்ட்கள். பழைய பிரபுக்களின் கோட்டைகளை எடுத்துக் கட்டி, அதில் குடியேறி, நாங்களும் இந்த ஆற்றின் வாரிசுகள்தான் என்று காட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு கோபுரமும் ஓர் அரசியல் அறிக்கை. அதே காலத்தில்தான் கவிஞர்களும் ஓவியர்களும் நீராவிப் படகில் வந்து இறங்கினார்கள். லோரலை பாறை மேல் தலைவாரிக்கொண்டு படகோட்டிகளை மயக்கும் பெண்ணின் கதைகூட ஆதிகாலத்துக் கதை இல்லை. 1801-ல் ஒரு கவிஞர் எழுதிய பாட்டில் தொடங்கியது.

நீங்கள் சொல்லும் உண்மையான பழைய கட்டடங்கள் மிஞ்சியதற்கும் இந்த ஆசைதான் காரணம். அதற்கு முன்னால் இடிந்த கோட்டை என்றால் ஊர்க்காரர்களுக்கு இலவசக் கல் கிடைக்கும் இடம், அவ்வளவுதான். இடிபாட்டுக்கு மதிப்பு உண்டு என்று முதலில் நினைத்தவர்கள் இந்தக் கற்பனைக்காரர்களே.

கல்தச்சன்:

காப்பாற்றியது அவர்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்க்கிறவருக்கு எது எந்தக் காலத்துக் கல் என்று தெரிய வேண்டும் என்பதில் விடாப்பிடியாக இருக்கிறேன். ரைன்ஷ்டைன் வண்ணக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு இடைக்கால வீரர்கள் இப்படித்தான் வாழ்ந்தார்கள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் அது நஷ்டம். ஒரு யோசனை: ரைன்ஷ்டைனுக்குப் போனால் மார்க்ஸ்புர்க்குக்கும் கண்டிப்பாகப் போங்கள். அறைகளின் அளவு, ஜன்னலின் அகலம், அடுப்பு எங்கே இருக்கிறது, இந்த மூன்றை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். குளிரில் வாழ்ந்தவர்கள் கட்டியது எது, கோடையில் வந்து தங்கியவர்கள் கட்டியது எது என்று உடனே தெரிந்துவிடும்.

மைன்கரை:

இப்படி ஒரு விவாதம் நடக்கும் என்று நினைக்கவே இல்லை. இரண்டு பக்கமும் படித்தபிறகு ரைன்ஷ்டைனை விட மனசில்லை. கல்தச்சன் சொன்ன மூன்றையும் குறித்துக்கொண்டேன்.

சின்னவண்டி:

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என்னிடம் கார் உரிமத்தோடு 125 சிசி ஓட்டும் பி 196 அனுமதி மட்டும்தான் இருக்கிறது. மைன்ட்ஸிலிருந்து இதே வழியில் போக முடியுமா?

வளைவுநேசன்:

தாராளமாகப் போகலாம். மைன்ட்ஸ் உங்களுக்கு இன்னும் பக்கம். ஆட்டோபானில் ஏற வேண்டாம். சட்டப்படி 125-க்கு அனுமதி உண்டு, ஆனால் லாரிகளுக்கு நடுவில் அந்த வேகத்தில் போவது நிம்மதியாக இருக்காது. பிங்கன் வரை உள்ளூர்ச் சாலைகளிலேயே போய்விடலாம். அதற்கு மேல் பி 9-இல் 70, 80-க்கு மேல் ஓட்டவே தோன்றாது, 125 அதற்குப் போதும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள், பி 196 ஜெர்மனிக்குள் மட்டும்தான் செல்லும். பக்கத்தில்தானே என்று லக்சம்பர்க் பக்கம் தாண்டிவிடாதீர்கள்.

இந்திய உரிமத்தோடு இங்கே குடியேறியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வந்து குடியேறிய ஆறு மாதம் வரைதான் அதை வைத்து ஓட்டலாம், பிறகு ஜெர்மன் உரிமம் எடுக்க வேண்டும். காலாவதியான பிறகு விபத்து நடந்தால் காப்பீடும் பெரிய சிக்கலாகிவிடும்.

நெக்கார்:

ஷ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு ரைன் வரை போக வேண்டுமே என்று ஏங்க வேண்டாம். இருநதி சொன்ன கணக்கு ஷ்வேபிஷ் ஆல்ப் மலையிலும் பொருந்துகிறது. ஹோஹன்நொய்ஃபன் இடிந்த கோட்டை, மேலே நின்றால் சமவெளி முழுவதும் தெரியும். லிஹ்டன்ஷ்டைன் 1840-களில் ஒரு நாவலின் தூண்டுதலால் செங்குத்துப் பாறை விளிம்பில் கட்டியது. ஹோஹன்ட்சொலர்ன் பிரஷ்ய அரச வம்சத்தின் பூர்வீக இடம். இப்போது நிற்பது அதே குன்றில் எழுந்த மூன்றாவது கோட்டை, 1867-ல் முடிந்தது. இடிபடாத கோட்டைக்கு மட்டும் இங்கே சரியான இணை இல்லை.

ஆல்ப் மலையேற்றச் சாலைகள் பைக்குக்கு அருமையானவை, ஆனால் இரைச்சல் புகார்களால் சில சாலைகளை வார இறுதியில் பைக்குக்கு மட்டும் மூடுகிறார்கள். சிவப்பு வட்டத்துக்குள் பைக் படம் போட்ட பலகை இருந்தால் அதன் கீழே எழுதியிருக்கும் நாளையும் நேரத்தையும் படியுங்கள். கிராமத்துக்குள் ஆக்சிலரேட்டரை முறுக்காமல் போவது நம் எல்லோருடைய பொறுப்பு. ஒவ்வொரு வருடமும் ஒரு நல்ல சாலை மூடப்படுவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

பவேரியாவின் புகழ்பெற்ற நொய்ஷ்வான்ஷ்டைன் கோட்டை பற்றி யாராவது கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். 2025-ல் அதுவும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. அனுமதிச் சீட்டை முன்பதிவு செய்யாமல் கோடையில் போகாதீர்கள். அந்தக் குறிப்பிட்ட நிமிடத்தில் வாசலில் நிற்க வேண்டும் என்ற பதற்றத்தோடு பைக் ஓட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை, அதனால் அதற்கு ரயிலில்தான் போவேன்.

ரூர் பனை:

நெக்கார் அக்கா சொன்ன இரைச்சல் விஷயம் ரைனுக்கும் பொருந்தும். அந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு கரையிலும் இரவு பகலாய்ச் சரக்கு ரயில் ஓடுகிறது, மலை இரண்டு பக்கமும் அந்தச் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். அங்கே இருக்கிற சனங்கள் ஏற்கெனவே அதோடு போராடிக்கொண்டு இருக்கிறார்கள். நாங்களும் போய்ச் சத்தம் கூட்டக்கூடாது.

மைன்கரை அண்ணை, நேரம் மிஞ்சினால் சாங்க்ட் கோவார்ஸ்ஹவுசனில் ஃபெரியால் இறங்கியவுடன் லோரலை பாறைக்கு மேலே ஒருக்கால் ஏறிவிட்டு வாருங்கள். சின்னச் சாலை, நல்ல வளைவுகள். பாறை 132 மீட்டர் உயரம். ஆறு அந்த இடத்தில் ஒடுங்கித் திரும்புவதால் கப்பல்களுக்கென்றே விளக்குச் சமிக்ஞை வைத்திருக்கிறார்கள். மேலே இருந்து பார்த்தால் நீண்ட சரக்குக் கப்பல்கள் எப்படிச் சிரமப்பட்டுத் திரும்புகின்றன என்பது விளங்கும். ஊருக்கு மேலே தெரிகிற காட்ஸ் கோட்டை தனியாருடையது, உள்ளே போக முடியாது, வெளியே நின்று பார்க்கலாம்.

மைன்கரை:

எல்லாவற்றையும் சேர்த்து இப்படி வைத்திருக்கிறேன். காலை எட்டு மணிக்குக் கிளம்பி ரூடெஸ்ஹைம் ஃபெரி. பத்து மணி அளவில் ரைன்ஷ்டைன். பாஹராஹில் காப்பி, ஃபால்ட்ஸைக் கரையிலிருந்து பார்ப்பது. பன்னிரண்டு மணிக்கு ரைன்ஃபெல்ஸ், சாப்பாடு கையில் கட்டிக்கொண்டு போகிறோம். இரண்டரைக்கு ஃபெரி, லோரலை, நான்கு மணிக்குள் மார்க்ஸ்புர்க். அப்புறம் பி 260 வழியாக வீடு. சரியாக வருமா?

இருநதி:

சரியாக வரும். இரண்டு திருத்தங்கள் மட்டும். மார்க்ஸ்புர்க்குக்கு மூன்றரைக்கே போய்விடுங்கள். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து மேலே ஏற நேரம் வேண்டும், சனிக்கிழமை கூட்டத்தில் ஒரு சுற்று நிரம்பினால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டிவரும். நேரம் இழுத்தால் லோரலையை விடுங்கள், மார்க்ஸ்புர்க்கை விடாதீர்கள்.

பி 260-ஐ இருட்டுவதற்கு முன்னால் ஓட்டி முடியுங்கள். பாட் எம்ஸ், நாசௌ, பாட் ஷ்வால்பாஹ் என்று காட்டுக்குள் ஏறி இறங்கிப் போகும் அருமையான சாலை, ஆனால் அந்தி நேரத்தில் மான் குறுக்கே வரும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று எண்ணி வேகத்தைக் குறையுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் ஆற்றின் நீர்மட்டத்தையும் பாருங்கள். வெள்ளம் அதிகமானால் ஃபெரி நின்றுவிடும், சாலையின் தாழ்ந்த பகுதிகளையும் மூடுவார்கள். கோடையில் ஏதாவது ஒரு ஞாயிறு சைக்கிளுக்காகப் பள்ளத்தாக்குச் சாலைகளை மூடும் வழக்கமும் உண்டு, தேதி மாற்றிப் போகிறவர்கள் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்தச்சன்:

கௌப் நீர்மட்டக் குறியைப் பாருங்கள், கப்பல்காரர்கள் எல்லோரும் பார்ப்பது அதைத்தான். 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. ஃபால்ட்ஸ் தீவுக்கு மக்கள் நடந்தே போனார்கள். மேயில் அப்படி எதுவும் இருக்காது, படகு ஓடும். பாஹராஹ் காப்பியைச் சுருக்கினால் அந்தத் தீவுக்கே போய்வரலாம் என்பது என் கடைசி முயற்சி.

மைன்கரை:

காப்பியை மனைவி விட்டுக்கொடுக்க மாட்டார். தீவை எல்ட்ஸோடு சேர்த்து ஆகஸ்டுக்கு வைத்துக்கொள்கிறோம். முன்பிரேக் பட்டைகளை மாற்ற நாளை வண்டியைப் பட்டறையில் விடுகிறேன். குறித்த நாளில் மழை என்றால் அடுத்த சனிக்கிழமை. கோப்லென்ஸ் வரை வரமாட்டோம், ஆனால் மாலை ஐந்தரைக்கு லான்ஷ்டைனில் பெட்ரோல் போட நிற்போம். இருநதி, நேரம் இருந்தால் அங்கே வாருங்கள்.

இருநதி:

வருகிறேன். லான் ஆற்றுப் பாலம் தாண்டியதும் வலப்பக்கம் நிற்பேன், நீல நிற வண்டி.